கணினி தண்ணீரைப் பிழியாது

கணினிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தால் எரிசக்திச் செலவு தானாகக் குறையும் என்ற முழக்கம் காகிதத் தொழிலில் பல ஆண்டுகளாக ஒலிக்கிறது. 2012இல் தொடங்கிய இந்திய அரசின் எரிசக்திச் சிக்கனத் திட்டமான ‘பாட்’ (PAT) காகித ஆலைகளுக்கும் எரிசக்தி இலக்கு விதித்ததால், அந்த இலக்கை எட்ட இதுவே குறுக்கு வழி என்றும் விற்கிறார்கள். ஆலையில் வெப்பம் எங்கே செலவாகிறது என்று இப்படி விற்பவர்கள் பார்ப்பதே இல்லை. கூழைப் பாய்ச்சும் ஹெட்பாக்ஸிலிருந்து வயர் என்னும் வடிகட்டும் வலை மேல் விழும் கூழில் 99 சதவீதம் தண்ணீர். வயரில் வடிந்து, பிரஸ் உருளைகளுக்கிடையே பிழிபட்ட பிறகும் தாளில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். மிச்சத்தை ட்ரையர் சிலிண்டர்களுக்குள் நீராவி விட்டுத்தான் போக்க வேண்டும்.

கணினி ஈரத்தைச் சீராக்குவதால் தாளை அளவுக்கு மீறிக் காய வைக்க வேண்டியதில்லை என்பதே அவர்களுடைய பெரிய வாதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பிரஸ்ஸை விட்டுத் தாள் 45 சதவீத உலர்வோடு வந்தால், ஒரு டன் உலர் நாரோடு 1,222 கிலோ தண்ணீர் வருகிறது. 5 சதவீத ஈரத்தோடு ரீலில் சுற்ற, ஏறக்குறைய 1,170 கிலோவை ஆவியாக்க வேண்டும். கணினியை நம்பி ஈரத்தை 6 சதவீதமாக உயர்த்தினால் மிச்சமாவது 11 கிலோ; ஒரு சதவீதம்கூட முழுதாக இல்லை. அதே ஆலை பிரஸ்ஸில் உலர்வை 45இலிருந்து 46 ஆக்கினால் 48 கிலோ மிச்சம், அதாவது 4 சதவீதம். பிரஸ்ஸில் தண்ணீரை உறிஞ்சும் ஃபெல்ட் துணி அடைத்துப்போனால் காலத்தில் மாற்றுவதும், அகன்ற பரப்பில் அழுத்தும் ஷூ பிரஸ் போடுவதும் தரும் லாபம் இது. முதலீட்டுப் பணம் முதலில் போக வேண்டிய இடமும் அதுதான்.

ஸ்வீடனின் குருவோன் ஆலையில் 1960களிலேயே ஐபிஎம் கணினி வந்துவிட்டதே என்று உதாரணம் காட்டுவார்கள். கட்டுப்பாட்டியல் அறிஞர் கார்ல் யோஹான் ஆஸ்ட்ரோம் அங்கே செய்துகாட்டிய கட்டுப்பாட்டு முறை மகத்தானது. ஆனால் அது தாளின் எடையிலும் ஈரத்திலும் வரும் ஏற்ற இறக்கத்தை அடக்கிய சாதனை. தரத்துக்குக் கிடைத்த வெற்றியை எரிபொருள் கணக்கில் வரவு வைப்பது நியாயமில்லை. பம்பின் வேகத்தைக் குறைத்து மின்சாரம் மிச்சம் பிடிக்கலாமே என்றால், அதற்கு மோட்டாரின் வேகத்தை மாற்றும் ஒரு டிரைவ் போதும். கோளாறைச் சென்சார் முன்கூட்டியே காட்டும் என்பது இன்னொரு வாதம். காட்டட்டும், கையை வைத்துச் சரிசெய்வது யார்? நீராவி குளிர்ந்த தண்ணீர் சிலிண்டருக்குள் தேங்கினால், வெப்பம் தாளுக்கு ஏறாமல் அந்த நீர்ப்படலமே தடுக்கும். அதை வெளியேற்றும் சைஃபன் குழாய் தேய்ந்த ஆலையில், ஃபிட்டர்களையும் குறைத்துவிட்டால், திரையில் எச்சரிக்கை எரிந்துகொண்டேயிருக்கும். தாள் காயவில்லையே என்று இன்னும் கூடுதல் நீராவியைத் திறந்துவிடும் வேலையைக் கணினியே செய்யும்.