பாபிலோன் நதியும் ராயபுரத்து டேப் ரெக்கார்டரும்

"அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி வருமா?"

தென்சென்னையில் ஒரு சிறிய அரங்கம். அறுபது எழுபது வயதைக் கடந்த ராக் ரசிகர்களின் நினைவு மாலை. எங்களில் மூன்று பேர் போயிருந்தோம், மூவரும் வடசென்னை. பெரியவர்கள் மேடையேறி பீட்டில்ஸ், லெட் செப்பலின், பிங்க் ஃபிளாய்ட் என்று கிட்டார் வாசித்தார்கள். இடையிடையே கதை சொன்னார்கள். இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு, கல்லூரி விழாக்கள், 1970லும் 1971லும் ஒரு சிகரெட் நிறுவனம் நடத்திய சிம்லா பீட் போட்டி, புல்லட்டில் நண்பனை ஏற்றிக்கொண்டு கச்சேரிக்குப் போன இரவுகள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாங்களும் காலால் தாளம் போட்டோம்.

முடிவில் ஒருவர் மைக்கைப் பிடித்தார். "அன்னைக்கு மெட்ராஸ்ல மியூசிக் இருந்தது. இன்னைக்கு எங்க திரும்பினாலும் கானாங்கிற பேர்ல சேரி இரைச்சல்." அரங்கமே கைதட்டியது.

நாங்கள் தட்டவில்லை. எழுந்து சண்டை போடவும் இல்லை. பஸ் ஏறி ராயபுரம் வந்து சேரும்வரை அதைப் பற்றியே பேசினோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறோம்.

ஐயா, உங்கள் மேடையிலிருந்தே தொடங்குவோம். பிங்க் ஃபிளாய்ட் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு கறுப்பின புளூஸ் பாடகர்களின் பெயர்களை ஒட்டி வைத்தது அது. லெட் செப்பலினின் 'ஹோல் லாட்டா லவ்' 1969ல் வந்தது. அது என் பாட்டிலிருந்து எடுத்தது என்று மிசிசிப்பியில் பிறந்த புளூஸ் கலைஞர் வில்லி டிக்சன் 1985ல் வழக்குப் போட்டார். 1987ல் சமரசம் ஆனது. அதற்குப் பிறகுதான் பாட்டில் அவர் பெயர் ஏறியது. நீங்கள் கண்ணீர் மல்க நினைவுகூரும் இசையின் வேர் அடிமைகளின் பேரப்பிள்ளைகளிடம் இருக்கிறது. பருத்திக் காட்டிலும், ரயில் பாதையிலும், ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட குடியிருப்பிலும் பிறந்தது அது. அந்த நாட்டு வெள்ளைக்காரக் கனவான்களும் அதை ஒரு காலத்தில் இரைச்சல் என்றுதான் சொன்னார்கள்.

பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் சேரியின் பாட்டு உங்களுக்குக் கலை. பேசின் பிரிட்ஜைத் தாண்டியதும் வருகிற சேரியின் பாட்டு இரைச்சல். இந்த வித்தியாசத்தைக் காது சொல்லவில்லை, சாதி சொல்கிறது. ரசனை என்பது ஏதோ பிறவி வரம் என்று நம்பாதீர்கள், அது வர்க்கம் வளர்த்தெடுக்கிற பழக்கம் என்று பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்தியூ 1979லேயே எழுதிவிட்டார். நம் ஊரில் வர்க்கத்தோடு சாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பொற்காலம் உங்கள் கைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதையும் பார்ப்போம். நண்பனை ஏற்றிக்கொண்டு போன புல்லட் திருவொற்றியூர் தொழிற்சாலையில் செய்தது. வெளிநாட்டு ரெக்கார்டும் கேசட்டும் கப்பலில் வந்தன. மெட்ராஸ் துறைமுகத்தில் அந்தச் சரக்கை இறக்கிய தோள்கள் எங்கள் தாத்தாக்களுடையவை. துறைமுகத்துக்கு எதிரே, பர்மாவிலிருந்து அகதிகளாகத் திரும்பியவர்கள் போட்ட பர்மா பஜார் கடைகளில் அவற்றை வாங்கினீர்கள். பழைய ரெக்கார்டுகளை மூர் மார்க்கெட்டில் தேடினீர்கள், 1985ல் அது எரியும்வரை. உங்கள் கதையில் பாட்டு இருக்கிறது, வண்டி இருக்கிறது, கடைகூட இருக்கிறது. உழைத்தவர்கள் மட்டும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்தில் நாங்களும் அந்தப் பாட்டைக் கேட்டோம்.

எங்களில் ஒருவருடைய பெரியப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இப்போது எழுபது வயது. 1980ல் பர்மா பஜாரில் பேரம் பேசி ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கினார். கூடவே ஒரு போனி எம் கேசட். தெருவில் கல்யாணம் என்றால் ராத்திரி முழுக்க அதுதான் ஓடும். இங்கிலீஷ் புரியாமல் எப்படி ரசித்தீர்கள் என்று கேட்டோம்.

"அர்த்தம் இன்னான்னு யாருக்குத் தெரியும்? ஆனா பாபிலோன்னு ஒரு வார்த்தை வருது பாரு, அது புரிஞ்சிச்சு. நம்ம கோயில்ல படிக்கிற சங்கீதம்பா அது. ஊர வுட்டுத் தொரத்துனவங்க ஆத்தங்கரைல குந்திக்கினு அழுவுற பாட்டு. நம்மளுக்குத் தெரியாத அழுகையா?"

பெரியப்பா சொன்னது மிகச் சரி. 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்' போனி எம் எழுதிய பாட்டே இல்லை. ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு 1970ல் பாடியது. பைபிளின் 137ஆம் சங்கீதத்தை எடுத்து, ஆப்பிரிக்காவிலிருந்து பிடுங்கி வரப்பட்டவர்களின் வலியாக, தங்கள் ரஸ்தஃபாரி நம்பிக்கையின் சொற்களோடு பாடினார்கள். 1978ல் போனி எம் அதைப் பாடியபோது அந்த ரஸ்தஃபாரி சொற்கள் நீக்கப்பட்டன. வலி போய்விட்டது, மெட்டு விற்றது. இன்னும் கேளுங்கள். போனி எம் மேடையில் ஆடிய கறுப்பின இளைஞர் பாபி ஃபாரெல். ரெக்கார்டில் அந்த ஆண் குரல் அவருடையது அல்ல. தயாரிப்பாளரான ஃபிராங்க் ஃபாரியன் என்ற வெள்ளை ஜெர்மானியரின் குரல் அது. ஆடுவதற்கு ஒரு கறுப்பு உடல் தேவைப்பட்டது, குரல் தேவைப்படவில்லை.

பழைய கதை, அதுவும் அயல்நாட்டுக் கதை என்கிறீர்களா? 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் நினைவிலிருந்து அறிவு எழுதினார், தீயோடு சேர்ந்து பாடினார். உலகம் முழுக்க ஓடியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ் அந்தப் பாட்டைக் கொண்டாடியபோது அட்டையில் அறிவு இல்லை. பா. ரஞ்சித் உட்படப் பலர் கேள்வி எழுப்பிய பிறகே அவருக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. அங்கே கறுப்பு உடலை நிறுத்திவிட்டுக் குரலை எடுத்தார்கள். இங்கே குரலை வைத்துக்கொண்டு முகத்தை விட்டுவிட்டார்கள். நாற்பது ஆண்டு கழித்து இந்தப் பாட்டைப் பற்றி ஒரு நினைவு மாலை நடக்கும். அன்று யார் பெயர் சொல்லப்படும் என்பது இன்றே தீர்மானமாகிறது. அதனால்தான் பெரியவர்களின் ஏக்கத்தை வெறும் ஏக்கம் என்று எங்களால் விட்டுவிட முடியவில்லை. யாருடைய இளமை வரலாறாகிறது, யாருடைய இளமை காற்றில் போகிறது என்பது அரசியல்.

ராக் வேறு, கானா வேறு என்று பிரிப்பவர்கள் 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்துக்கு வந்திருக்க வேண்டும். நீலம் பண்பாட்டு மையத்தின் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல் மேடை. அயோத்திதாசப் பண்டிதர் தந்த 'சாதியற்ற' என்ற சொல்தான் குழுவின் பெயர். கானாவும் ராப்பும் ராக் கிட்டாரும் பறையும் ஒரே மேடையில் நின்றன. ராயபுரத்துப் பெண் இசைவாணி, ஆண்கள் மட்டுமே நின்ற கானா மேடையில் மைக்கைப் பிடித்தார். 2020ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. 2024 நவம்பரில், கோயில் நுழைவு உரிமை பற்றி அவர் சில ஆண்டுகளுக்கு முன் பாடிய பாட்டைத் தோண்டியெடுத்து மிரட்டினார்கள். கலகக்கார இசையைக் கேட்டு வளர்ந்தோம் என்று சொல்லும் தலைமுறையில் எத்தனை பேர் அன்று அவருக்காக வாய் திறந்தார்கள்?

தோழர்களே, நம்மையும் கேட்டுக்கொள்வோம். கானா என்றால் எல்லாமே போராட்டப் பாட்டு என்று பொய் சொல்ல வேண்டாம். பெண்ணை இழிவு செய்யும் கானா இருக்கிறது. கத்தியைக் கொண்டாடும் கானா இருக்கிறது. அதை நாம்தான் முதலில் கண்டிக்க வேண்டும். பெரியப்பாவின் பொற்காலத்தில் பெரியம்மா எந்தப் பாட்டைக் கேட்டார் என்று நாங்களும் இத்தனை நாள் கேட்கவில்லை. போன வாரம்தான் கேட்டோம். "எனக்கு எங்க நேரம்? டேப்ப நிறுத்துனா தானே தூக்கமே" என்றார். சிரித்துவிட்டு, சாவு வீட்டில் தன் அம்மா கட்டிய ஒப்பாரியிலிருந்து நான்கு அடி பாடினார். அப்படி ஒரு ஒப்பாரி அவரிடம் இருப்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

பெரியப்பாவின் கூட்டாளி ஒருவர் மரண கானா பாடுவார். செத்தவர் வாழ்ந்த கதையையே பாட்டாகக் கட்டி விடிய விடியப் பாடக்கூடியவர். எத்தனையோ சாவுகளுக்குப் பாடினார். கொரோனா காலத்தில் இறந்தார். கூட்டம் கூடாது என்றார்கள். அவருக்குப் பாட யாரும் வரவில்லை. அவர் குரல் ஒரு கேசட்டிலும் இல்லை. ஒரு போனிலும் இல்லை.

அந்த அரங்கத்துப் பெரியவர்களுக்கு ரெக்கார்டு இருக்கிறது, போட்டோ இருக்கிறது, எழுத ஆங்கிலப் பத்திரிகை இருக்கிறது. நம் பெரியவர்களுக்கு நாம்தான் இருக்கிறோம். மாணவத் தோழர்களே, உங்கள் போனில் ரெக்கார்டர் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடியிலோ, எண்ணூரிலோ, உங்கள் ஊர் காலனியிலோ, தாத்தா பாட்டி பக்கத்தில் உட்காருங்கள். என்ன பாட்டு கேட்டீர்கள், யார் பாடினார்கள், எந்தச் சாவுக்கு, எந்தக் கல்யாணத்துக்கு என்று கேளுங்கள். பாடுகிறவரின் பெயரையும் தேதியையும் முதலில் பதிவு செய்யுங்கள். அவர் அனுமதி இல்லாமல் எங்கும் போடாதீர்கள். பெண்களிடம் முதலில் போங்கள்.

பீட்டில்ஸையும் கேளுங்கள், போனி எம்மையும் கேளுங்கள். நல்ல பாட்டு யார் வீட்டுச் சொத்தும் இல்லை. ஆனால் பாடியவரின் பெயரைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

பெரியம்மாவின் அந்த நான்கு அடியை எடுத்துவிட்டோம். மிச்சத்தை அடுத்த ஞாயிறு பாடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஜெய்பீம்.