திரைக்குப் பின்னால் எரியும் விளக்கு

பக்கத்து வீட்டு ராத்தாவின் மகளுக்கு வளாகம் கிடைத்திருக்கிறது. ஊரை விட்டுப் போய்ப் படிக்கப் போகும் பிள்ளை. மடிக்கணனி ஒன்று இல்லாமல் இன்று எந்தப் பீடத்திலும் காலம் தள்ள முடியாது அல்லவா? இரண்டு வருடமாகக் கட்டிய சீட்டுக் காசைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ராத்தா என்னிடம் வந்தார்.

"ஒரு கடையில எல்.ஈ.டி. எண்டான். மத்தவன் ஓலெட் எண்டான். மச்சான் வீட்டுல பழைய ஒண்டு சும்மா கிடக்கு, அத எடுங்க எண்டு அவங்க சொல்றாங்க. நான் எத எடுக்கிற, சொல்லுங்க" என்றார்.

இந்தக் கேள்வியைக் கேட்காமலே நான் ஒரு தடவை கணனி வாங்கியிருக்கிறேன். அதனால்தான் இம்மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

சகோதரிகளே, மடிக்கணனியின் சாதாரணத் திரை தானாக ஒளி தருவதில்லை. எல்.சி.டி. என்று சொல்லப்படும் அந்தத் தட்டு, யன்னலில் தொங்கும் திரைச்சீலை மாதிரி. எங்கே வெளிச்சம் போக வேண்டும், எங்கே போகக்கூடாது என்று மறைக்கவும் திறக்கவும் மட்டும்தான் அதற்குத் தெரியும். வெளிச்சம் வருவது அதற்குப் பின்னாலிருந்து. அங்கே எரிவது எந்த விளக்கு என்பதுதான் எமது கேள்வி.

பழைய கணனிகளில் அங்கே இருந்தது மெல்லிய ஒரு கண்ணாடிக் குழாய். பெயர் சி.சி.எப்.எல். எமது குசினியில் எரிந்த ரியூப் லைட்டின் குட்டித் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரியூப் லைட்டில் உள்ளது போலவே இதற்குள்ளும் சிறிதளவு பாதரசம் உண்டு. அதை எரிய வைக்கப் பல நூறு வோல்ட் மின்சாரம் வேண்டும். அதற்கென்று இன்வேர்ட்டர் என்ற சிறு தகடு திரைக்குக் கீழே ஒளிந்திருக்கும். போட்டவுடன் மங்கலாக இருந்து, சற்று நேரம் கழித்தே முழு வெளிச்சத்துக்கு வரும். வயது போகப் போக மஞ்சளடிக்கும், அல்லது இளஞ்சிவப்பாகும்.

பிறகு எல்.ஈ.டி. வந்தது. அப்பிள் நிறுவனம் 2007 ஜூனில் தனது 15 அங்குல மெக்புக் புரோவைப் பாதரசம் இல்லாத எல்.ஈ.டி. ஒளியுடன் வெளியிட்டது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களும் ஏறக்குறைய முழுவதுமாக மாறிவிட்டன. எல்.ஈ.டி. குறைந்த மின்சாரத்தில் எரியும், உடனே எரியும், திரையும் மெல்லியதாகும். வெள்ளையாகத் தெரியும் இந்த விளக்கு உண்மையில் நீல விளக்குத்தான். அதன்மேல் மஞ்சளாக ஒளிரும் ஒரு பூச்சைப் பூசி வெள்ளையாக்குகிறார்கள். அந்த நீல விளக்கை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே கடைக்காரர் "இது எல்.ஈ.டி. ராத்தா, அதுதான் விலை" என்றால் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேளுங்கள். இன்று விற்பனைக்கு இருக்கும் சாதாரண எல்.சி.டி. திரை எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது எல்.ஈ.டி.தான். அந்த மூன்று எழுத்துக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

மச்சான் வீட்டுப் பழைய கணனியைப் போய்ப் பார்த்தேன். 2008இல் வாங்கியது. போட்டால் வெற்றிலை போட்ட வாய் மாதிரி ஒரு சிவப்பு, பிறகு மங்கல். குழாய் முடியப் போகிறது. குழாயை மாற்றினாலும் அந்த வயதுக் கணனி வளாக வேலைக்கு ஈடுகொடுக்காது. இனாமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்றேன். ஒரு விடயம் மட்டும்: அப்படிப்பட்டதைக் குப்பைக் கூடையில் போடாதீர்கள், உள்ளே பாதரசம் இருக்கிறது. இலத்திரனியல் கழிவு சேர்க்கும் இடத்தில் கொடுங்கள். பிள்ளைகள் கழற்றிப் பார்க்கவும் விடாதீர்கள்.

இனி எனது கதை. மூத்தவள் உயர்தரம் படிக்கும்போது புதிதாக ஒன்று வாங்கினோம். கடையில் பளபளவென்று இருந்தது. வீட்டில் ஒரே அறையில் மூன்று பிள்ளைகள். சின்னவர்கள் தூங்கிய பிறகு இவள் லைட்டை அணைத்துவிட்டு, திரையின் வெளிச்சத்தையும் அடிமட்டத்துக்குக் குறைத்துவிட்டுப் படிப்பாள். ஒரு மாதத்தில் தலைவலி. "கண் எரியுது உம்மா" என்பாள். கண் டொக்டரிடம் கூட்டிப் போனேன். பார்வையில் குறை எதுவும் இல்லை என்றார். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று ஒன்றை வேறோரிடத்தில் காசு கொடுத்து வாங்கினேன். அது என் அவசரம். அப்படிப்பட்ட கண்ணாடிகளால் கண் களைப்புக் குறைவதாகத் தெரியவில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் அறிக்கை 2023இல் சொன்னது. எனக்கு அப்போது யார் சொல்ல?

காரணத்தைக் கண்டுபிடித்தது கணனி திருத்தும் ஒரு தம்பி. திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, தனது போன் கமராவால் காட்டினார், ஒன்றுமில்லை. வெளிச்சத்தைக் குறைத்தார், போனில் பார்த்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன! "இதுட லைட்டு குறையல்ல ராத்தா, அணைஞ்சு அணைஞ்சு எரியுது" என்றார்.

விடயம் இதுதான். எல்.ஈ.டி.யின் வெளிச்சத்தைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, அதற்குப் போகும் மின்சாரத்தையே குறைப்பது. மற்றது, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைத்து அணைத்து எரிய விடுவது. சில திரைகளில் இது விநாடிக்குச் சுமார் 200 தடவை நடக்கும். வெளிச்சம் குறையக் குறைய அணைந்திருக்கும் நேரம் கூடும். பழைய குழாயும் இப்படித் துடித்ததுதான், ஆனால் அதன் உட்பூச்சு ஒரு கணம் ஒளியைப் பிடித்து வைத்திருந்ததால் துடிப்பு மழுங்கியிருந்தது. எல்.ஈ.டி. சட்டென்று அணையும். எல்லோருக்கும் இது ஒன்றும் செய்வதில்லை. சிலருக்குத் தலைவலி தரும். என் மகள் அந்தச் சிலரில் ஒருத்தி.

அதன்பிறகு அறையில் ஒரு சிறு மேசை விளக்கை வைத்தோம். கணனியின் வெளிச்சத்தை மேலே ஏற்றிவிட்டு, எழுத்துப் பக்கங்களைக் கறுப்புப் பின்னணிக்கு மாற்றிக் கொடுத்தேன். அவ்வளவுதான். தலைவலி நன்றாகக் குறைந்தது. ஏற்கனவே வாங்கி மாட்டிக்கொண்ட சகோதரிகளும் இதைச் செய்து பார்க்கலாம்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பாருங்கள். கடையில் திரை எப்போதும் முழு வெளிச்சத்தில்தான் இருக்கும். நாமோ இரவில் குறைத்து வைத்துப் பாவிக்கிறோம். ஆகவே வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, வெளிச்சத்தை நன்றாகக் குறைக்கச் சொல்லுங்கள். போன் கமராவால் பாருங்கள். முழு வெளிச்சத்தில் இல்லாத பட்டை குறைத்ததும் வந்தால் சந்தேகப்பட வேண்டும். இன்னொரு வழி, திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை விரைவாக ஆட்டுவது. புகை மாதிரி ஒரே கலங்கலாகத் தெரிந்தால் நல்லது. தனித்தனியாகப் பல பென்சில்கள் தெரிந்தால் விளக்குத் துடிக்கிறது. கடை விளக்குகளும் துடிக்கக் கூடும் என்பதால் கொஞ்சம் இருட்டான மூலையில் செய்யுங்கள்.

அடுத்தது கணனியைக் கடை வாசலுக்குக் கொண்டு வந்து பார்ப்பது. திரையின் வெளிச்சத்தை நிட் என்ற அளவில் சொல்வார்கள். மலிவானவை 250 நிட் அளவில் இருக்கும்; பகல் நேரத்தில் விறாந்தையில் வைத்துப் படிக்க அது போதாது. 300க்குக் குறையாமல் கேளுங்கள். ஐ.பி.எஸ். தட்டா என்றும் கேளுங்கள், பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது.

ஓலெட் வேறு சாதி. அதற்குப் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கறுப்பு என்றால் உண்மையான கறுப்பு. படம் பார்க்க அழகோ அழகு. ஆனால் நாள் முழுவதும் வெள்ளைப் பக்கத்தில் கட்டுரை தட்டும் பிள்ளைக்கு அது பற்றரியைக் கூடுதலாகக் குடிக்கும். ஒரே இடத்தில் நிற்கும் அடையாளங்கள் வருடக் கணக்கில் தழும்பு போலப் பதியவும் கூடும். குறைந்த வெளிச்சத்தில் துடிப்பதும் இதில் சாதாரணம், பென்சில் சோதனை இதற்குத்தான் மிக அவசியம். மினி எல்.ஈ.டி. என்பது ஆயிரக்கணக்கான குட்டி விளக்குகளைப் பின்னால் பரப்பி, வேண்டிய பகுதியை மட்டும் எரிய விடுவது. 2021இல் வந்த மெக்புக் புரோவில் இதுதான் இருந்தது. படத்தொகுப்பு, வடிவமைப்பு படிக்கும் பிள்ளைக்கு இவை தேவைப்படலாம். முகாமைத்துவம் படிக்கப் போகும் ராத்தாவின் மகளுக்குச் சீட்டுக் காசை அதில் கொட்ட நான் சம்மதிக்கவில்லை. அந்தக் காசுக்குக் கூடுதல் நினைவகமும் நல்ல உத்தரவாதமும் வாங்கலாம்.

போன சனிக்கிழமை பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கு மூவருமாகப் போனோம். மூன்றாவது கடையில் 14 அங்குலச் சாதாரண எல்.ஈ.டி. ஒன்று, 300 நிட். ராத்தா அபாயாப் பையிலிருந்து பேரனின் பென்சிலை எடுத்துத் திரைக்கு முன்னால் ஆட்டினார். கடைப் பையன் சிரித்தான். "சிரியாதீங்க மகன், நீங்களும் பாருங்க" என்று பென்சிலை நீட்டினார். கலங்கலாகத்தான் தெரிந்தது. காசைக் கொடுத்துப் பற்றுச்சீட்டு எழுதுவதற்குள் அந்தப் பையன் பக்கத்திலிருந்த விலை கூடிய ஓலெட்டின் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, பேனையை ஆட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான்.