சச்சரவையும் சேர்த்துக் காக்க வேண்டும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்குள் விரல் நீட்டியதுபோல் நிற்கும் கீவனா தீபகற்பத்தில் ஹேன்காக் என்றொரு ஊர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 4,500. நம் கணக்கில் ஒரு சிறு பேரூராட்சிதான். ஃபின்லாந்திலிருந்து குடியேறியவர்கள் 1896-ல் தங்கள் லூத்தரன் திருச்சபையின் சார்பில் அங்கே சுவோமி கல்லூரியைத் தொடங்கினார்கள். அது 2000-ல் ஃபின்லாண்டியா பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2023 மார்ச்சில், இனி மாணவர்களைச் சேர்க்கப்போவதில்லை என்று அறிவித்து மூடப்பட்டது. கழுத்தை நெரித்த கடனும் குறைந்துபோன மாணவர் சேர்க்கையும் காரணங்கள். கல்லூரி போனதோடு விஷயம் முடிந்திருந்தால் அது உள்ளூர்ச் செய்தி. பழைய கத்தோலிக்கத் தேவாலயம் ஒன்றில் 1990 முதல் இயங்கிவரும் ஃபின்லாந்திய அமெரிக்கப் பாரம்பரிய மையமும், 1932 முதல் காகிதம் காகிதமாகச் சேர்த்த ஆவணக் காப்பகமும், ஒரு மாதப் பத்திரிகையும், ஒரு புத்தகக் கடையும் அதே கல்லூரியின் கணக்குப் புத்தகத்தில்தான் இருந்தன. கடனை அடைக்கக் கட்டடங்கள் விலைபோகும் நேரத்தில், 1953-ல் கலிபோர்னியாவில் பிறந்த ஃபின்லாண்டியா அறக்கட்டளை நன்கொடை திரட்டி இவற்றைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நல்ல காரியம். ஆனால், மீட்ட வீட்டில் எதை வைத்துக் காப்பது என்ற கேள்விக்கு அந்தப் பணம் மட்டும் விடை சொல்லிவிடாது. அந்த மையம் விழாக்கூடமாக மட்டும் சுருங்கிவிடக் கூடாது. காப்பகமே அதன் உயிர். அந்தக் காப்பகத்தில் ஃபின்லாந்தியர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டைக்கும் இடம் இருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

சண்டை என்று சொல்வது மிகையல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தாமிரத்துக்குத் தேவை கூடியதால், ஹேன்காக்கின் க்வின்ஸி சுரங்க நிறுவனம் வடக்கு நார்வேயிலிருந்து ஆள் பிடித்தது. அப்படி 1864 வாக்கில் வந்திறங்கியவர்களில் ஃபின்னிஷ் பேசியவர்களும் இருந்தார்கள். அடுத்த அறுபது ஆண்டுகளில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்கா வந்து சேர்ந்தார்கள். 1924-ன் குடியேற்றச் சட்டம் அந்த வரவை ஆண்டுக்குச் சில நூறு பேராக இறுக்கிவிட்டது. வந்தவர்கள் ஒரே சமூகமாக வாழவில்லை. சுவோமி திருச்சபைக்காரர்கள் ஒரு பக்கம், லெஸ்டேடியன் என்ற கண்டிப்பான பக்தி இயக்கத்தார் இன்னொரு பக்கம், மதுவிலக்குச் சங்கத்தார் வேறொரு பக்கம். இவர்கள் யாரோடும் ஒட்டாத சோஷலிஸ்டுகள் தனி. ஒவ்வொருவருக்கும் தனி மன்றக் கட்டடம், தனி நாடகக் குழு, தனி பத்திரிகை. திருச்சபையின் குரலாக ஒலித்த ‘அமெரிக்கன் சுவோமெட்டர்’ 1899 முதல் ஹேன்காக்கில் அச்சானது. தொழிலாளர் இயக்கத்தின் ‘டுயோமியெஸ்’ 1904-ல் அதே ஹேன்காக்குக்கு இடம்பெயர்ந்தது. ஒரே ஊரில், ஒரே மொழியில் இரண்டு அச்சகங்கள் ஒன்றையொன்று திட்டித் தீர்த்தன.

அந்தப் பகை 1913-ல் உச்சத்தைத் தொட்டது. ஜூலையில் தாமிரச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஃபின்லாந்தியத் தொழிலாளர்கள் அதன் முன்வரிசையில் நின்றார்கள். ஃபின்லாந்தியத் திருச்சபைத் தலைமையோ எதிர்த்தது. டிசம்பர் 24-ம் தேதி, பக்கத்து ஊரான கலுமெட்டின் இத்தாலியன் ஹாலில் வேலைநிறுத்தக்காரர்களின் குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் விழா நடந்தது. ‘தீ’ என்று யாரோ கத்தினார்கள். தீ எதுவும் இல்லை. மாடிப்படியில் நெரிசலில் சிக்கி 73 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். பாதிக்கு மேல் ஃபின்லாந்தியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கத்தியவர் யார் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை. 1914 ஏப்ரலில் வேலைநிறுத்தம் தோற்றது. ‘டுயோமியெஸ்’ அதே ஆண்டு விஸ்கான்சினுக்குக் கிளம்பிவிட்டது. இத்தாலியன் ஹால் 1984-ல் இடிக்கப்பட்டது. வாசல் வளைவை மட்டும் விட்டுவைத்தார்கள். கட்டடம் இருந்த இடத்தில் நின்று பார்ப்பவருக்கு அந்த வளைவு துக்கத்தைச் சொல்லும். அந்தத் துக்கத்தை ஒரே ஊரின் இரண்டு தரப்புகள் எப்படி எப்படிப் புரிந்துகொண்டன என்பதைப் பழைய செய்தித்தாள்களும் கடிதங்களும் கூட்டக் குறிப்பேடுகளும்தான் சொல்லும். அவை காப்பகத்தில்தான் கிடைக்கும்.

இப்போது அந்தச் சமூகம் வெளியுலகுக்குக் காட்டும் முகத்தைப் பாருங்கள். சவ்னா என்ற நீராவிக் குளியல், ‘சிசு’ என்று அவர்கள் பெருமையோடு சொல்லும் மனவுறுதி, ஏலக்காய் போட்ட இனிப்பு ரொட்டி, ஜனவரிக் குளிரில் ஹேன்காக் தெருக்களில் நடக்கும் ஹெய்க்கின்பைவா ஊர்வலம். தெருப் பெயர்ப் பலகைகள்கூட அங்கே ஆங்கிலத்திலும் ஃபின்னிஷிலும் இருக்கின்றன. மார்ச் 16-ல் ‘புனித உர்ஹோ’ நாளும் உண்டு. ஃபின்லாந்திலிருந்து வெட்டுக்கிளிகளை விரட்டிய புனிதராம். 1950-களில் மின்னசோட்டாவில், ஐரிஷ்காரர்களின் புனித பேட்ரிக்குக்குப் போட்டியாக வேடிக்கைக்கு உண்டாக்கிய ஆள் அவர். ஃபின்லாந்தின் மரபில் அப்படியொரு புனிதரே கிடையாது. இதையெல்லாம் கேலி செய்வது எளிது. செய்யத் தேவையில்லை. விழா இல்லாவிட்டால் மூன்றாம் தலைமுறை அந்தக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்காது. அந்த ரொட்டிக்குள்ளேயே வரலாறு இருக்கிறது: மிச்சிகனில் அதற்கு ‘நிசு’ என்று பெயர், ஃபின்லாந்தில் அந்தச் சொல் வழக்கொழிந்து ‘புல்லா’ ஆகிவிட்டது. தாய்நாடு மறந்த சொல்லைக் குடியேறிகளின் அடுப்படி காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ரொட்டிக்கும் ஊர்வலத்துக்கும் எதிர்க்கட்சி கிடையாது, எல்லோரும் கைதட்டுவார்கள். கைதட்டு வாங்கித் தராத பகுதிக்குத்தான் ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பு தேவைப்படுகிறது.

அப்படிப்பட்ட பகுதிகள் நிறைய உண்டு. 1908-ல் மின்னசோட்டாவின் டூலூத் நகரில், ஜான் ஸ்வான் என்ற ஃபின்லாந்தியரின் குடியுரிமை மனுவை அரசு வழக்கறிஞர் எதிர்த்தார். ஃபின்லாந்தியர்கள் மங்கோலிய இனத்தவர், வெள்ளையர் அல்லர், எனவே சட்டப்படி குடிமக்களாக முடியாது என்பது வாதம். முந்தைய ஆண்டு மெசாபி இரும்புச் சுரங்க வேலைநிறுத்தத்தில் ஃபின்லாந்தியர்கள் முன்னின்றதை நினைத்துப் பார்த்தால் அந்த வாதத்தின் உள்நோக்கம் விளங்கும். நீதிபதி வில்லியம் கேன்ட் அதை ஏற்கவில்லை. 1930-களின் தொடக்கத்தில், பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த ஆயிரக்கணக்கான அமெரிக்க, கனடிய ஃபின்லாந்தியர்கள் தொழிலாளர் அரசைக் கட்டுவதற்காக சோவியத் கரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பலரை 1937-38-ல் ஸ்டாலினின் களையெடுப்பு கொன்றது. போனவர்களின் வீடுகளில் பல ஆண்டுகள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஃபின்லாந்தியர்கள் நடத்திய கூட்டுறவுக் கடைகளின் கதையும் இதே ரகம்: தங்கள் கட்சிக்கு நிதி தர வேண்டும் என்று கம்யூனிஸ்டுகள் கேட்க, கூட்டுறவுகளின் மத்திய அமைப்பு மறுத்தது. அது 1929-30-ல் பெரும் பிளவில் முடிந்தது. பொட்டலங்களில் இருந்த சிவப்பு நட்சத்திர முத்திரை இரட்டைப் பைன் மரமாக மாறியது. காப்பித்தூள் பொட்டலத்தின் படம் மாறியதற்குப் பின்னால் குடும்பங்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட கதை இருக்கிறது.

இந்தச் சச்சரவுகளையும் காக்க வேண்டும் என்பதற்கு முதல் மறுப்பு: அவர்கள் எப்போதோ அமெரிக்கர்களாகக் கரைந்துவிட்டார்கள், இனி எதைக் காப்பது? கரைந்தது உண்மை. ஃபின்லாந்து வம்சாவளி என்று சொல்லிக்கொள்ளும் சுமார் ஆறரை லட்சம் அமெரிக்கர்களில், வீட்டில் ஃபின்னிஷ் பேசுபவர்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் இந்த மறுப்பு தன் காலையே வாரிக்கொள்கிறது. மொழி உயிரோடு இருக்கும் சமூகத்துக்குப் பாட்டியே காப்பகம், கேட்டால் சொல்லிவிடுவாள். மொழி போன பிறகு, பேரன் கையில் இருப்பது அவனால் படிக்க முடியாத கடிதக் கட்டு மட்டும். அதைப் படித்துச் சொல்ல ஆள் இருக்கும் இடம் அப்போதுதான் அவசியமாகிறது. சுவோமி கல்லூரி 1970-களில் வட்டாரம் முழுதும் அலைந்து முதியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்து வைத்தது. அன்று அந்த வேலை நடக்காமல் போயிருந்தால், அந்தக் குரல்களை இன்று எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது.

எல்லாவற்றையும் படம்பிடித்து இணையத்தில் ஏற்றிவிட்டால் கட்டடம் எதற்கு என்பது இரண்டாவது மறுப்பு. ஏற்ற வேண்டியதுதான். ஆனால் ஏற்றிய பக்கம் வேறு, படித்த பக்கம் வேறு. சுரங்கத்தை ‘மைனி’ என்றும், மோட்டார் வண்டியைக் ‘காரா’ என்றும், மன்றத்தை ‘ஹாலி’ என்றும், படுக்கையறையைப் ‘பெட்டிரூமா’ என்றும் எழுதிய மொழி அது. ஆங்கிலச் சொல்லுக்கு ஃபின்னிஷ் வால் ஒட்டிய அந்த நடையை ஹெல்சிங்கியிலிருந்து வரும் வாசகரே தட்டுத்தடுமாறித்தான் வாசிக்க வேண்டும்; மிச்சிகன் பேரனுக்கோ சுத்தமாகப் புரியாது. இரண்டையும் அறிந்தவர்கள் கையளவே. அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து, பக்கத்தில் இளையவர்களை உட்காரவைத்துப் பழக்க ஓர் இடம் வேண்டும். ஃபின்லாந்தின் தேசியக் காவியமான கலேவலா தமிழுக்கு வந்த கதை இங்கே நினைவுக்கு வருகிறது. இலங்கைத் தமிழரான உதயணன், ரா. சிவலிங்கம் என்பது இயற்பெயர், ஃபின்லாந்திலேயே வாழ்ந்து மொழியைக் கற்று 1994-ல் அதைத் தமிழ்ச் செய்யுளாகத் தந்தார். மூல நூல் எப்போதும் அச்சில் கிடைத்தது. அதைப் படித்துச் சொல்ல ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. பழைய புண்ணை ஏன் கிளற வேண்டும்? சிவப்புக் கொடிக்காரரின் பேத்தியும் போதகரின் பேரனும் இன்று ஒரே மேசையில் காப்பி குடிக்கிறார்கள். நன்கொடையாளர்களும் பெரும்பாலும் முதியவர்கள். அவர்கள் மனம் கோணினால் மையமே படுத்துவிடும் என்கிறார்கள். அந்தக் கவலையை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் மௌனமும் ஒரு தரப்பை எடுத்துக்கொள்கிறது. திருச்சபை நடத்திய கல்லூரி என்பதால் ஹேன்காக்கில் சபைப் பதிவேடுகள் குவிந்தன. தொழிலாளர் இயக்கத்தின் காகிதங்களில் பெரும் பகுதி மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தின் குடியேற்ற வரலாற்று மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நூறாண்டுக்கு முந்தைய பிரிவினை இன்று இரண்டு மாநிலங்களில் இரண்டு அலமாரிகளாக நிற்கிறது. திருச்சபைக் கல்லூரியின் பிடியிலிருந்து காப்பகம் விடுபட்ட இந்த நேரமே, அந்த இரண்டையும் ஒரே பட்டியலில் கொண்டுவரத் தோதான நேரம். ஆரிகன் மாநிலத்தின் அஸ்டோரியாவில் 1911 முதல் வெளிவந்த ‘டொவெரிட்டார்’ போன்ற பெண் தொழிலாளர் இதழ்களை அந்தப் பட்டியலில் சேர்த்தால், சமையலறையும் சபையும் மட்டுமே பெண்களின் பங்கு என்ற பழகிய படமும் மாறும்.

வெள்ளை அமெரிக்கர்களின் ஒரு கிளைக்கு இத்தனை கரிசனம் எதற்கு, அந்த மண்ணின் மக்களுக்கு அல்லவா முதலில் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. ஞாயமான கேள்வி. அந்தத் தாமிர நிலம் 1842 ஒப்பந்தத்தின் மூலம் ஓஜிப்வே பழங்குடியினரிடமிருந்து கைமாறியது. ஃபின்லாந்தியர்கள் அந்த இழப்பின் மேல் வந்து இறங்கியவர்கள்தான். ஓஜிப்வே மக்களோடு மணவுறவு கொண்டு, ‘ஃபிண்டியன்’ என்று தங்களை அழைத்துக்கொள்ளும் குடும்பங்களையும் உண்டாக்கினார்கள். இதைச் சொல்லாத மையம் பொய் சொல்லும் மையம். சொல்லும் மையமோ, ‘வெள்ளையர்’ என்ற தகுதிக்கே நீதிமன்றப் படி ஏற நேர்ந்த ஒரு சமூகத்தின் வழியாக, அமெரிக்கா தன் குடிமக்களைத் தரம் பிரித்த கதையையும் சேர்த்துச் சொல்ல முடியும்.

எனவே நாம் கேட்பவை சில. மையமும் காப்பகமும் இனி ஒருபோதும் வேறொரு நிறுவனத்தின் கடனுக்குப் பிணையாக நிற்காதபடி சட்டப்படி தனித்து நிற்க வேண்டும். 2023 கற்பித்த பாடம் அது. அவற்றைப் பசிபிக் கரைக்கோ ஹெல்சிங்கிக்கோ பெயர்த்துக்கொண்டு போகும் யோசனை எழுந்தால், ஹேன்காக் விட்டுக்கொடுக்கக் கூடாது. சுரங்கமும் கல்லறையும் பதிவேடும் ஒரே நடைத் தூரத்தில் இருப்பது அந்த ஊரில் மட்டும்தான். குடியேறிகளின் பிள்ளைகளை நினைத்துப் பெருமைப்படும் ஃபின்லாந்து அரசு, விழாவுக்கு அமைச்சரை அனுப்புவதைவிட, பழைய அமெரிக்க ஃபின்னிஷ் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த இரண்டு பேரின் ஆண்டுச் சம்பளத்தை ஏற்கலாம். ஃபின்லாண்டியா அறக்கட்டளை கட்டடத்தை வாங்குவதற்காக நாடு முழுக்கக் கையேந்தியது, கொடுத்தார்கள். அடுத்த வேண்டுகோளில் கூரைக்கும் விழாவுக்கும் முன்னால், காப்பகரின் சம்பளத்தை முதல் வரியில் எழுதட்டும்.