கடல் கடந்த வரியும் தங்கச்சிமடத்து இறாலும்

2025-ஆம் வருஷக் கடைசியில், பூகோள வகுப்பிலே தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் நம்மை மடக்கினான். "வரி போட்டது அமெரிக்காவில்தானே, சார்? எங்க அப்பா பிடிக்கிற இறாலுக்கு ஏன் விலை குறைஞ்சுது?" மணி அடித்தது, நாமும் தப்பித்தோம். அந்தக் கடனை இவ்வாரம் தீர்க்கிறோம்.

அவ்வருஷம் ஆகஸ்டு 27 முதல் அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகளுக்கு நூற்றுக்கு 50 வீதம் வரி விதித்தது. இறாலுக்குப் பழைய வரிகளும் சேர்ந்து சுமார் 58 ஆயிற்று. அந்நிய இறால் அடிமாட்டு விலைக்கு வந்து குவிகிறதென்று லூயிஸியானா, டெக்ஸாஸ் கரை மீனவர்கள் முறையிட்டதன் பேரில் 2005-ல் பிறந்தது அப்பழைய வரிகளில் ஒன்று. அவர்களை வைய நமக்கு மனம் வரவில்லை. 1924-ல் உருக்குக்கும் 1932-ல் சர்க்கரைக்கும் காப்பு வரி வேண்டிப் பெற்ற தேசமல்லவா நம்முடையது!

பையனுக்கு விடை வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்காவுக்குப் போகும் நம் இறாலில் பெரும்பகுதி ஆந்திரக் கரையோரக் குளங்களில் வளர்க்கும் 'வெனாமி' இறால். பாக் ஜலசந்தியில் விசைப்படகுகள் பிடித்துவரும் கடல் இறாலுக்கு அந்தச் சந்தை 2019-லேயே அடைபட்டது. வரியினால் அல்ல, ஆமையினால்! இழுவலையின் மடியில் சிக்கிய கடலாமை மூச்சு முட்டிச் சாகிறது. ஆமை வெளியேற மடியில் கம்பித் தடுப்பும் வாயிலும் வைக்காத தேசத்தின் கடல் இறாலை வாங்கலாகாது என்பது 1989-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம்.

ஆகவே நம் கடல் இறால் வேறு சந்தைகளை நம்பியிருந்தது. 2025-ல் வரிக்கு அஞ்சிய குளத்து இறாலும் அதே சந்தைகளை நாடிற்று. இரண்டும் ஒரே கடை வாசலில் முட்டிக்கொண்டால் வாங்குகிறவன் விலையைக் குறைக்காமல் இருப்பானா? கம்பெனி வியாபாரியிடம் குறைத்தது. வியாபாரி கரையில் குறைத்தார். படகு முதலாளி டீஸல் செலவைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைப் பங்கு வைத்தார். பையனின் தகப்பனாருக்கு மட்டும், தமக்குக் கீழே குறைக்க ஆள் இல்லை.

2026 பிப்ரவரியில் அமெரிக்கா அவ்வரியைத் தளர்த்தியது. வாஷிங்டனில் ஏறுவதும் இறங்குவதும் மண்டபத்தாரைக் கேட்டு நடப்பதில்லை. மடியில் வைக்கும் வாயிலோ நம் கையில் உள்ளது. கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் நம் கடலுக்கேற்ற தடுப்பை வகுத்துக் கொடுத்திருக்கிறது. ஆமையோடு கொஞ்சம் மீனும் ஓடிவிடுமே என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். டீஸல் விற்கிற விலையில் அந்தத் தயக்கத்தை நாம் குறை கூற மாட்டோம். ஏற்றுமதிக் கம்பெனிகளுக்காகப் பரிந்து பேசும் சர்க்கார், தடுப்பை இனாமாகப் பூட்டித் தந்து, முதல் இரண்டொரு பருவத்து நஷ்டத்தையும் ஏற்கட்டும்.

இவ்வளவையும் சென்ற திங்களன்று பையனிடம் சொன்னோம். "அந்தத் தடுப்பு என்ன விலை, சார்?" என்றான். விசாரித்துச் சொல்வதாக வாக்களித்திருக்கிறோம்.