பட்டை சேர்த்தா பிரச்னை தீருமா?

இந்த வாரம் பைக்குக்கு லீவு. பேகம்பூர்லேர்ந்து மூணாம் வருஷ மெக்கானிக்கல் வாசகர் ஒருத்தர் எழுதியிருக்கார். தாத்தா வாங்கின ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வீட்டுக் கொட்டகையில நிக்குதாம். பின்பக்கம் உட்கார்ந்து போய், ரெண்டு சக்கரமும் அடியில அகட்டிக்கிட்டு நிக்குதாம். லாரிக்கு ஸ்பிரிங் கட்டுற அண்ணன் ஒருத்தர், "ரெண்டு பட்டை சேர்த்துக் கட்டிரலாம் தம்பி, ஜம்முனு நிமிர்ந்துரும்"னு சொல்லியிருக்கார். கட்டலாமாங்கிறதுதான் கேள்வி. கட்டின கையோட நாலு பேர் சிறுமலைக்குக் கிளம்பறதா பிளானாம்!

கட்டாதீங்க பாஸ். ஏன்னு சொல்றேன்.

ஹெரால்ட் நம்ம மெட்ராஸ் பிராடக்ட். வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1961-ல இருந்து தயாரிச்சது. 948 சி.சி. என்ஜின். மொத்த பானட்டும் முன்பக்கமா கவிழ்ந்து திறக்கும். டிசைன் இத்தாலிக்காரர் மிக்கலாட்டியோடது. இங்கிலாந்துல இதே ஹெரால்டோட சேஸிஸைக் குறுக்கி, 1962-ல ஒரு ஸ்போர்ட்ஸ் கார் விட்டாங்க: டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இன்னிக்கும் கிளாசிக் கார் பைத்தியங்கள் உருகுற வண்டி. அதோட பின் சஸ்பென்ஷனும் கொட்டகையில தூசி படிஞ்சு நிக்கிற தாத்தா காரோடதும் அடிப்படையில ஒண்ணுதான். காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!

இனி மேட்டர். லாரியில பின் ஆக்ஸில் ஒரே தடி. ஹெரால்ட்ல அப்படி இல்லை. டிஃபரென்ஷியல் சேஸிஸோட போல்ட் பண்ணியிருக்கும். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அரை ஷாஃப்ட். அதுக்கு யுனிவர்சல் ஜாயிண்ட் உள்முனையில மட்டும்தான். அதனால சக்கரம் பறவை இறக்கை மாதிரி மேலும் கீழும் அசையும், அசையறப்ப சாயவும் செய்யும். பட்டைகளும் நீளவாக்குல இல்லை. டிஃபரென்ஷியல் தலை மேல குறுக்கே ஒரே கட்டா உட்கார்ந்திருக்கும்.

வளைவுல வேகமா போறீங்க, பயந்து திடீர்னு ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுக்கறீங்கன்னு வெச்சுக்குங்க. பின்பக்கம் மேலே எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில மடங்கும். டயரோட ஓரம் மட்டும் ரோட்டைத் தொடும். கிரிப் போச்சு, பின்பக்கம் சுத்திக்கும். சிறுமலை ரோட்டுல 18 கொண்டை ஊசி வளைவு. இறங்கறப்ப இது நடந்தா...?

பட்டை சேர்த்தா என்ன ஆகும்னு இப்ப நீங்களே சொல்லிடுவீங்க. வண்டி உசரும், சக்கரம் நிக்கிறப்பவே பாதி மடங்கின நிலைக்கு வந்துடும். பத்தாததுக்குப் பின்பக்கம் விறைப்பாவும் ஆயிடும். வைத்தியமே வியாதி!

இதே மாதிரி ஆக்ஸில் இருந்த அமெரிக்க செவர்லே கார்வேரைத்தான் ரால்ஃப் நாடர் 1965-ல வெளியான தன்னோட புத்தகத்தோட முதல் அத்தியாயத்துலயே கிழிச்சுத் தொங்கவிட்டார். டிரையம்ஃப்காரங்க 1970-ல ஸ்பிட்ஃபயர் மார்க் 4-ல கண்டுபிடிச்ச தீர்வு அழகானது. ஒரு பட்டையை மட்டும் இறுக்கிட்டு, மத்ததை நடுவுல ஆட விட்டுட்டாங்க. அதாவது விறைப்பைக் குறைச்சாங்க! நம்ம மெட்ராஸ்காரங்க வேற வழி பிடிச்சாங்க. 1972-ல வந்த கெஸலுக்கு, பழையபடி ஒரே தடி ஆக்ஸில். நம்ம ரோட்டுக்கும், காருக்குள்ள ஏழு பேரை ஏத்துற நம்ம குடும்பங்களுக்கும் அதுதான் சரின்னு எனக்கும் தோணுது.

சரி, தாத்தா வண்டிக்கு என்ன பண்றது? முழுசா கழட்டணும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில படுக்காதீங்க, சேஸிஸுக்கு ஸ்டாண்ட் குடுங்க. ஷாக் அப்சார்பரைக் கழட்டறதுக்கு முன்னாடி அந்தப் பக்கச் சக்கர ஹவுசிங்குக்கு அடியில ஒரு ஜாக் கட்டாயம். சக்கரம் கீழே விழாமத் தடுக்கிறதே அந்த ஷாக்தான். ஸ்பிரிங் நட்டுகளுக்குக் கீழேயிருந்து கை போகாது. பின் சீட்டைத் தூக்கினா ஒரு மூடித் தகடு இருக்கும், வழி அங்கே. ஹப், ஷாஃப்டோட டேப்பர்ல இறுகிப்போயிருக்கும். சுத்தியலால அடிச்சா ஃபிளாஞ்ச் வளையும். நல்ல புல்லர் வாடகைக்குக் கிடைக்கிற வரைக்கும் பொறுமையா இருங்க.

லாரிப் பட்டறை அண்ணனோட அருமை இங்கதான். பட்டைகளைப் பிரிச்சு, துரு தேய்ச்சு, விரிசல் இருக்கான்னு பார்த்து, பழைய வளைவை மீட்கத் தெரிஞ்ச கை அது. ஆனா பழுக்கக் காய்ச்சி அடிச்சா டெம்பர் போயிடும். மறுபடி ஹார்டன், டெம்பர் பண்ணுவாரான்னு கேட்டுக்குங்க. பட்டை எண்ணிக்கை அதேதான், ஒண்ணுகூட ஏறக்கூடாது. நைலான் புஷ், ரப்பர் புஷ், ஜாயிண்ட் கிராஸ் எல்லாம் புதுசு. ஸ்பிட்ஃபயர் புண்ணியத்துல இங்கிலாந்துல இன்னும் பார்ட்ஸ் செய்யறாங்க. பழசை அளந்து பார்த்துட்டு ஆர்டர் பண்ணுங்க.

கடைசியா ஒண்ணு. ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தூக்கி நிக்கிறப்ப முழுசா முறுக்கிடாதீங்க, ரப்பர் முறுக்கிக்கிட்டே கிடந்து சீக்கிரம் கிழிஞ்சிடும். கீழே இறக்கி, பின் சீட்டுல சிறுமலை பார்ட்டியில ரெண்டு பேரை உட்கார வெச்சு, வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் தள்ளி, அப்புறம் இறுக்குங்க.