விங்ஸ் சரி மச்சி, கட்டை எங்கிருந்து வந்தது?

போன மாசம் ஆம்பூர்ல நண்பன் வீட்டு மொட்டை மாடி. ஒரு கிலோ சிக்கன் விங்ஸ் தயிர், மிளகு, பூண்டுல ஊறிட்டிருக்கு. காயலான் கடையில வாங்கின இரும்பு டிரம்மைப் பாதியா வெட்டி கிரில் ஆக்கியாச்சு. கரி இருக்கு, புகை போடத்தான் கட்டை இல்ல. ஒருத்தன் கீழ கிடந்த உடைஞ்ச ஷூ கம்பெனி பேலட்டைத் தூக்கிட்டு வந்தான். பத்த வைக்க ஒரு பை தோல் துண்டு. நண்பனோட அம்மா பார்த்துட்டாங்க. "ஏன்டா, அதைப் போட்டா கறி சுடுவீங்க?" நாங்க சிரிச்சோம். அப்புறம் உட்கார்ந்து தேடினப்போ சிரிப்பு நின்னுடுச்சு.

வறுக்கும்போது என்ன எண்ணெய்னு கேட்கிறோம். ஸ்மோக் பண்ணும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல கறி மேல படியுற புகையும் சமையல் பொருள்தானே?

நம்ம பக்கத்துத் தோல் பெரும்பாலும் குரோமியம் உப்பு போட்டுப் பதப்படுத்தினது. தோலுக்குள்ள இருக்கிறது மூன்று இணைதிறன் குரோமியம், அதுல அவ்வளவு ஆபத்தில்ல. எரிச்சா அதுல ஒரு பங்கு ஆறு இணைதிறனா மாறலாம். ஃபர்ஸ்ட் இயர் லேப்ல தொடப் பயந்த டைகுரோமேட்ல இருக்கிற அதே குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது.

ஏற்றுமதி பேலட்டைத் திருப்பிப் பாருங்க, கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். பக்கத்துல 'எச்.டி.'னு இருந்தா சூடு காட்டின மரம். 'எம்.பி.'னு இருந்தா மெத்தில் புரோமைடு, பூச்சியைக் கொல்ற விஷ வாயு. சூடு காட்டினதா இருந்தாலும், கம்பெனித் தரையில பசையும் சால்வென்ட்டும் குடிச்ச கட்டைக்கு யார் பொறுப்பு? அந்த டிரம்ல முன்னாடி என்ன இருந்ததுன்னு கடைக்காரருக்கே தெரியல. அதைத் திருப்பிக் கொடுத்துட்டோம்.

"காலங்காலமா தோல் துண்டுலதான் அடுப்பு பத்த வைக்கிறோம், என்ன ஆச்சு?"ன்னு பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டார். பாலாறும் காலங்காலமாத்தான் கழிவை வாங்கிட்டு ஓடுச்சு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கு போட்டு, 1996-ல உச்ச நீதிமன்றம் 'மாசுபடுத்தினவர்தான் ஈடு கட்டணும்'னு சொல்ல வேண்டி வந்தது. ஆனா அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். சிலிண்டர் காசை மிச்சம் பிடிக்கத் தோல் எரிக்கிறவரும், ஞாயித்துக்கிழமை ஜாலிக்கு எரிக்கிற நாமளும் ஒண்ணு இல்ல.

இதுக்காக ஆன்லைன்ல அமெரிக்க மெஸ்கிட் சிப்ஸ் வாங்கணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. டெக்சாஸ்ல கறி சுடுற அந்த மெஸ்கிட், நம்ம சீமைக்கருவேலத்தோட சொந்தக்கார மரம். 2017-ல மதுரை உயர் நீதிமன்றக் கிளை வேரோட பிடுங்கச் சொன்ன அதே சீமைக்கருவேலம்! புகை காட்டமா இருக்கும், அதனால நல்லா காய்ஞ்ச ரெண்டு துண்டு போதும். காட்டம் வேண்டாம்னா தோட்டத்து கொய்யா, மாங்கிளை.

அடுத்த ஞாயிறு வாடகை கிரில். கரியை ஒரு ஓரமா ஒதுக்கி, விங்ஸை மறு ஓரத்துல வெச்சு, 120 டிகிரியில மூடி ஒரு மணி நேரம். உள்ள 74 டிகிரி தாண்டிடுச்சு, ஆனா தோல் ரப்பர் மாதிரி. கடைசி பத்து நிமிஷம் நேரா கரி மேல போட்டப்போதான் மொறுமொறுன்னு ஆச்சு. அம்மா நாலு பீஸ் எடுத்துக்கிட்டாங்க. "என்ன கட்டைடா?"ன்னு கேட்டுட்டுத்தான்.