தையற்கார முருகானந்தத்துக்கு ஒரு வாக்கு

நெலு பூத்தால் ஊவா மாகாணத்தில் இரண்டு கூட்டம் கிளம்பும். ஒன்று, ஒஹியாவில் ரயிலை விட்டிறங்கி ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறுகிற கூட்டம். மற்றது, இருந்த இடத்திலிருந்தே நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ பற்றிப் பேசத் தொடங்குகிற கூட்டம். நெலுவும் குறிஞ்சியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பல வருடம் வெறும் பச்சையாய் நின்று, ஒரு பருவத்தில் கூட்டாகப் பூத்து, விதை உதிர்த்துச் செத்துப்போகும். 2013இல் சமவெளி அப்படித்தான் பூத்துக் கிடந்தது. விதை தின்னக் காட்டுக்கோழி கூடும். பூவைப் பற்றிச் சொல்ல இவ்வளவே உண்டு; மீதியைப் படம்பிடித்தவர்கள் காட்டிவிட்டார்கள். எரிச்சல் இரண்டாவது கூட்டத்தின் மேல்தான்.

‘குறிஞ்சி மலர்’ 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ‘மணிவண்ணன்’ என்ற புனைபெயரில் ‘கல்கி’யில் தொடராக வந்தது. தமிழ்ப் பேராசிரியரான தந்தை இறந்ததும் தம்பிமாரையும் தங்கையையும் சுமக்கிறாள் பூரணி. அச்சகத்தில் வேலை பார்த்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தில் கவிதை எழுதுகிறவன் அரவிந்தன். இருவருக்கும் அன்பு மலர்கிறது, கல்யாணம் கூடவில்லை. அரவிந்தன் நோயில் இறக்கிறான். பூரணி அவன் நினைவோடு தனித்து வாழ்கிறாள். தொடர் முடிந்தபோது தமிழ்நாட்டு வாசகர்கள் அழுதார்கள், ஆசிரியரைக் கோபித்தார்கள், பிள்ளைகளுக்கு அரவிந்தன் என்றும் பூரணி என்றும் பெயர் வைத்தார்கள். பின்னாளில் தொலைக்காட்சித் தொடரில் அரவிந்தனாக நடித்தவர் மு.க. ஸ்டாலின்.

பதுளைக்கு 1924இலேயே ரயில் வந்துவிட்டதால் இந்தியச் சஞ்சிகைகள் மலையேறுவதற்குத் தடையிருக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் ஒரு பிரதியைப் பலர் வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசாங்கம் அந்தச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது வீரகேசரி பிரசுர நாவல்கள் அந்த இடத்துக்கு வந்தன. ஆனால் பூரணி அதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டாள்.

லயத்து வாசகருக்கு அவளை விளங்கிக்கொள்ள உரை வேண்டியதில்லை. லயத்தில் குடியிருக்கும் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். வேலைக்குப் போகிற தகப்பன் இறந்தால் வீட்டில் இன்னொருவர் பெயர் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஏறவேண்டும், இல்லாவிட்டால் இருப்பிடமே கேள்வி. மூத்த பெண் பள்ளிக்கூடத்தை விட்டுக் கூடையை மாட்டிக்கொண்டு காலைப் பெரட்டுக்குப் போய் நிற்பது கதையில் மட்டும் நடந்ததல்ல. பூரணிக்குப் படிப்பிருந்தது, மேடை கிடைத்தது. கொழுந்தெடுக்கிற பூரணிக்கு மலைதான். பெண் வாசகர்கள் நாவலின் முடிவோடு சண்டை பிடிப்பதும் இங்கிருந்துதான் வருகிறது. குடும்பத்தையே இழுத்துக் கரைசேர்த்தவளுக்கு ஆசிரியர் ஒரு கல்யாணத்தைக் கொடுத்திருந்தால் இலட்சியம் ஒன்றும் கெட்டுப்போயிராது என்பார்கள். ஆண் வாசகர்களோ அரவிந்தனின் தூய்மையைப் பாராட்டி ஓயமாட்டார்கள். அரவிந்தன் நல்லவன்தான். ஆனால் முகம் சுளிக்காமல், சில்லறைப் பொய் ஒன்றுகூடச் சொல்லாமல் அத்தனை பக்கங்களைக் கடக்கிறவனோடு ஒரே காம்பராவில் குடியிருப்பது சிரமம்.

இந்தப் பேச்சில் ஒருபோதும் அடிபடாத பெயர் முருகானந்தம். அரவிந்தனின் தோழன், தையற்காரன். சினிமா மோகத்தில் ஏமாந்து திரும்பிய பணக்காரப் பெண் வசந்தாவை அவன் கைப்பிடிக்கிறான். தொழிலும் பணமும் குறுக்கே நிற்க, நாவலில் உண்மையாகவே கூடி வாழப்போகும் காதல் இதுதான். அதை ஆசிரியர் ஓரத்தில் வைத்தார். வாசகர்கள் ஓரத்திலும் வைக்கவில்லை.

தையற்காரர் யாரென்று தெரியாத ஊரும் அல்ல இது. பசறையிலோ ஹாலிஎலையிலோ புடவைக்கடைத் திண்ணையில் கால்மெஷினோடு, கழுத்தில் டேப் தொங்க, காதில் பென்சில் செருகி இருப்பவர் அவர். தீபாவளி முற்பணம் கைக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு உறக்கமில்லை. துணித்துண்டு குத்திய அளவுக் கொப்பியில் லயம் முழுவதன் தோள் அகலமும் இருக்கும். எந்தப் பெண் போன வருடத்தைவிட மெலிந்தாள் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். சட்டை முந்தியநாள் இரவு பத்து மணிக்குக் கிடைக்கும், பொத்தான் ஒன்று குறையும், ஏச்சும் விழும். காதல் நாவலுக்கு இந்த மனிதர் போதாது என்று கொழுந்து நிறுத்துக் கூலி வாங்குகிற வாசகரே முடிவு செய்வதுதான் வேடிக்கை.

பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது பெற்றவர்கள் தாங்கள் இருக்கும் இடத்தைப் பார்ப்பதில்லை, பிள்ளை போகவேண்டிய இடத்தைப் பார்க்கிறார்கள். அரவிந்தன் என்றால் கொப்பியும் கவிதையும் அச்சுக்கூடமும்; தோட்டத்துக்கு வெளியே ஒரு உத்தியோகம். ஊவாவில் இருக்கும் அரவிந்தன்களும் பூரணிகளும் எல்லோரும் நாவலிலிருந்து இறங்கியவர்கள் என்று சொல்வது மிகை. சிலர் அப்படி வந்திருந்தால் அந்தத் தாய்தகப்பனைக் குறை சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

முருகானந்தம் என்ற பெயருக்கோ தோட்டத்தில் பஞ்சமே இருந்ததில்லை. கதிர்காமம் இதே மாகாணத்தில்தான் இருக்கிறது. அங்கே நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளைகள் அவர்கள். நாவலுக்கு அதில் பங்கு கிடையாது.